உப்புப் பார்க்காத வடை

இல்ஃபோர்டில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் மாறும் மணி அடித்தால் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். பயந்துபோய் நிற்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பயமும் இருந்தது, ஏன் பொய் சொல்ல? ஆனால் பாதிக்கு மேல் வேடிக்கை பார்க்கத்தான்.

யாழ்ப்பாணத்தில் நான் படித்தது பெண்கள் பள்ளிக்கூடம். எல்லாத் தலையிலும் நடுவுச்சி பிரித்த இரட்டைப் பின்னல், எல்லாப் பின்னலிலும் ஒரே நிற ரிபன். இங்கே தலைகளைப் பார்ப்பதற்கே ஒரு நாள் போதாது. தலைப்பாகை, முக்காடு, மணி கோத்த சின்னச் சின்னப் பின்னல்கள், நேற்றுக் கறுப்பாக இருந்து இன்று சிவப்பாகிவிட்ட தலைமயிர். இத்தனை ஊர்ப் பிள்ளைகளும் ஒரே கதவுக்குள்ளால் இடித்துத் தள்ளிச் சிரித்துக்கொண்டு போவதை ஆவென்று பார்த்துக்கொண்டு நிற்பேன். உலகத்தில் இவ்வளவு விதமான முகம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்று கோபம்கூட வரும்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. இங்கிலீஷ் விளங்கும், வாயில் வராது. வகுப்பில் நான் இருப்பதும் நான் குந்தியிருக்கிற கதிரை இருப்பதும் ஒன்றுதான். ஆனால் வலைப்பந்து எனக்குத் தெரியும். ஊரில் பள்ளிக்கூட அணிக்கு வளையத்தில் பந்து போடுகிறவள் நான்தான். இங்கேயும் ஓர் அணி இருக்கிறது, அதற்கு வியாழக்கிழமை ஆள் தெரிவு நடக்கப்போகிறது என்று அறிந்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அதில் இடம் கிடைத்தால் இந்தப் பள்ளிக்கூடத்தில் நானும் ஒரு ஆள். கிடைக்காவிட்டால் கதிரைதான்.

முதல் விளையாட்டுப் பாடத்திலேயே கூத்து நடந்தது. எல்லோரும் மைதானத்துக்கு ஓட, நான் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்து நின்றேன். ஊரில் நாங்கள் அப்படித்தான் விளையாடினோம். லண்டன் குளிரில், தார்த்தரையில், வகுப்பு முழுக்க என் காலைப் பார்த்தது. பார்த்துவிட்டுச் சிரித்தது. ஆசிரியை ஓடிவந்து, சப்பாத்து இல்லாமல் இங்கே ஒருவரும் விளையாட முடியாது என்றார். போட்டுக்கொண்டேன். எறிந்த பந்தில் ஒன்றாவது வளையத்தின் பக்கம் போக வேண்டுமே! கால் தரையைப் பிடிக்காவிட்டால் கை என்ன செய்யும்? அன்று வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சப்பாத்தைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்திருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை, தெரிவுக்கு மூன்று நாள் இருக்க, கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. அம்மா பிடித்தார், நானும் பிடித்தேன். பகலில் ஒன்றும் இல்லை, இரவில் பாலும் பழமும். ஊர்ச்சனம் முருகனிடம் விசா கேட்டது. நான் வலைப்பந்து அணியில் இடம் கேட்டேன்.

அந்த வருடம் முஸ்லிம் பிள்ளைகளின் நோன்பும் அதே நாட்களில் வந்தது. மதியம் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகாமல் நின்ற என்னைக் கண்ட ஓர் ஆசிரியர், விரதமா என்று கேட்டார். தலையாட்டினேன். நோன்பு பிடிக்கிற பிள்ளைகளுக்காகத் திறந்துவிட்டிருந்த உள்விளையாட்டு மண்டபத்தில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் போய்விட்டார். முக்காடு போட்ட பிள்ளைகள் எல்லோரும் திரும்பி என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்கள். சரி, வெளியே கலைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி தான் இருந்த வாங்கில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

அவள் சோமாலியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, வலைப்பந்து அணியின் தலைவி. நல்ல உயரம். மைதானத்தில் என் காலைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆளும் அவள்தான். சப்பாத்தைக் கழற்று என்று சைகை காட்டினாள். உள்ளே மரத்தரை, வெறுங்காலுக்குத் தடையில்லை. மூலையில் நின்ற வளையக் கம்பத்தை இழுத்து வைத்துப் பந்தைத் தந்தாள். எறிந்தேன், விழுந்தது. திரும்பவும் எறிந்தேன், திரும்பவும் விழுந்தது. அவள் வாய் பிளந்து, தன் நாடியில் கைவைத்து என்னைப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலுறையோடு எறியச் சொன்னாள். புதன்கிழமை சப்பாத்தைப் போட்டு, முதலில் நாடா கட்டாமல், பிறகு தானே குனிந்து நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு. விடிவதற்கு முதல் குடித்த தண்ணீரோடு நிற்கிற பிள்ளை, நான் தவறவிட்ட பந்தையெல்லாம் ஓடியோடி எடுத்துத் தந்தாள். தான் ஒரு தடவைகூட எறிந்து பார்க்கவில்லை. எனக்கும் பசிதான், ஆனால் நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லையே. இது என்ன பிறவியப்பா என்று பிரமித்துப்போனேன்.

வியாழக்கிழமை தெரிவில் சப்பாத்தோடு எறிந்தேன். முன்னாலிருந்து விழுந்தது, பக்கத்திலிருந்தும் விழுந்தது. ஆசிரியை அணித்தலைவியைப் பார்த்தார். அவள், வளையத்தில் பந்து போடுகிறவரின் இடத்தைக் காட்டும் எழுத்துப் போட்ட மேற்சட்டையை முக்காடு கலையாமல் தன் தலைவழியே கழற்றி, என் தலைவழியே மாட்டிவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு காலமும் அந்த இடத்தில் விளையாடியவள் அவளே.

ஏன் என்று எனக்கு வந்த இங்கிலீஷில் கேட்டேன். உன் அளவுக்கு எனக்கு விழாது, அதோடு எனக்கு நடுவில் நின்று ஓடத்தான் விருப்பம் என்றாள். அது முழு உண்மையா, பாதியா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் சொன்னதும் அம்மா சுவாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பாத்தியே, முருகன் உனக்கு இடம் தந்திட்டார்."

"அந்தப் பிள்ளைதான் அம்மா தந்தது. தன்ர இடத்தை."

அம்மா கும்பிட்ட கையை இறக்கினார். பிறகு, "அது நோன்பு திறக்கேக்க என்ன சாப்பிடும்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை விடியவே எழும்பிக் கடலை வடை சுட்டார். விரதக்காரர் உப்புப் பார்க்க முடியாது. நானும் விரதம். அப்பா இரவு ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. கைக்கணக்கில் உப்புப் போட்டு, ஒரு டப்பா நிறையத் தந்துவிட்டார்.

பின்னேரப் பயிற்சி முடியப் பொழுதும் பட்டது. அவள் ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பைத் திறந்தாள், பிறகு வடையைக் கடித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மென்று விழுங்கிவிட்டு இன்னொன்று எடுத்தாள். மற்றப் பிள்ளைகள் கை நீட்டினார்கள், ஒருத்திக்கும் கொடுக்கவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இடையிடையே தண்ணீர் குடித்துக்கொண்டு, கடைசி வடை வரைக்கும் தானே சாப்பிட்டாள். இடத்தைத் தூக்கித் தந்தவள் வடையில் இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா எழும்பி, தனக்கென்று மிச்சம் வைத்திருந்த வடையில் ஒன்றைக் கடித்தார். உடனே குசினிக்கு ஓடிப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் துப்பினார்.

"என்னப்பா இது, உப்பை அள்ளிக் கொட்டிப்போட்டீரோ? வாயில வைக்க ஏலாது."

அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை எத்தினை சாப்பிட்டது?"

"எல்லாத்தையும், அம்மா."