அக்காவின் வளவில் ஆறுமணிக்குருவி

மாசி மாதம் கொழும்பில் பறவை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பைத்தியம் பிடிக்கிற காலம். குளிருக்கு வந்த பறவைகள் எல்லாம் வடக்கே திரும்பிப் போகத் தயாராகும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக் கரண்ட் கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாகக் குந்தியிருக்கும். கனால் தண்ணீருக்கு மேலே பஞ்சுருட்டான்கள் கூட்டமாகச் சுற்றும். எங்கள் வட்ஸ்அப் குழுவில் விடிந்ததிலிருந்து படங்கள் வந்து விழும். பெரிய லென்ஸ் வைத்திருக்கிறவர்கள் நகரத்துக்கு வெளியே சதுப்பு நிலங்களுக்குக் கார் ஓட்டிப் போய் எடுத்து வந்து போடுவார்கள். நான் எங்கும் போவதில்லை, முழங்கால் விடாது. இரண்டாம் மாடியில் என் வாடகை பிளாட்டின் பின் பல்கனியில் ஒரு கோப்பை பிளேன்ரீயோடு இருந்தால் போதும். கீழே மதிலுக்கு அந்தப் பக்கம் அக்காவின் வளவு.

நாங்கள் பிறந்து வளர்ந்த வளவுதான். அக்காவுக்குச் சீதனமாகப் போனது, அக்கா லண்டனுக்குப் போனாள். வீடு பூட்டிக் கிடந்து கூரை இறங்கிவிட்டது. பின்பக்கத்தில் ஈரப்பலாவும் மாமரமும் குரோட்டன் பற்றைகளும் தங்கள் பாட்டில் வளர்ந்தன. விழுந்த இலையைக் கூட்ட ஆளில்லை. ஒழுங்கையில் எல்லாருக்கும் அது கடிக்கிற நுளம்பு பெருகும் காடு. எனக்கு மட்டும் அது ஆறுமணிக்குருவியின் வீடு.

ஒவ்வொரு வருஷமும் ஐப்பசியில் அது இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து அந்த மூலைக்குள் இறங்கிவிடும். காலையும் பின்னேரமும் ஆறு மணியளவில் இரண்டு விசில். பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு ஒளிந்து திரிகிற பிராணி அது. மக்கின இலையைக் கிளறிப் புழு தின்னும். சித்திரையில் போய்விடும். போகுமுன் இந்தக் கடைசிக் கிழமைகளில் நன்றாகத் தின்று உடம்பைத் தேற்றாவிட்டால் கடல் தாண்ட முடியாது. வருஷா வருஷம் வந்தது ஒரே குருவியா என்று எனக்குத் தெரியாது. ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை அக்கா போனில் சொன்னாள், வளவைப் பங்குக்கு பிளாட் கட்டுகிற ஒருவரிடம் கொடுத்தாயிற்று என்று. அவளுடைய காணி, நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அக்கா, சித்திரை வருஷப்பிறப்பு முடியுமட்டும் மரத்தில கை வைக்க விடாதேங்கோ. அந்தக் குருவி போகட்டும்."

"ஓம், ஓம். பங்குனியில நாங்கள் ஒண்டும் தொடங்கமாட்டம். யோசியாதை."

எனக்கு உயிர் வந்தது. பங்குனி கூடாத மாதம், எங்கள் ஆட்கள் அந்த மாதத்தில் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். அது முடிய வருஷப்பிறப்பு. வேலையாட்கள் எல்லாம் ஊருக்குப் போய் மெல்லத்தான் திரும்புவார்கள். அதற்குள் குருவி போயிருக்கும். அக்காவின் சாத்திரப் பைத்தியத்தை வாழ்நாளெல்லாம் நக்கலடித்தவள் நான். முதல் தடவையாக அதற்கு நன்றி சொன்னேன்.

மாசி முடிகிற கிழமையில் ஒரு காலை, மரம் அறுக்கிற மெஷின் சத்தம். பல்கனிக்கு ஓடினேன். மாமரம் ஏற்கனவே கீழே. மண் வழிக்கிற பெக்கோ ஒன்று மதிலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து குரோட்டன் பற்றைகளை வேரோடு வழித்துக்கொண்டிருந்தது. வீட்டுச் சட்டையோடேயே இறங்கிப் போனேன். வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றவர் நல்ல மனிதர், சிங்களத்தில் மரியாதையாகத்தான் விளங்கப்படுத்தினார். பங்குனி பிறந்தால் கல் வைக்கக் கூடாதாம். லண்டனில் ஐயர் நாள் பார்த்துக் கொடுத்திருக்கிறாராம், இந்தக் கிழமையே அத்திவாரக்கல் வைக்க வேண்டுமாம். நோனா, அதாவது அக்கா, போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாவாம்.

பின் மூலையை மட்டுமாவது விடுங்கள் என்று கேட்டேன். அவர் பெக்கோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை விரித்தார். அக்காவுக்குப் போன் எடுத்தேன். லண்டனில் அப்போது எல்லாரும் நித்திரை. அவள் எழும்புவதற்குள் பின் மூலையும் செம்மண்ணாகிவிட்டது.

பங்குனியில் ஒன்றும் தொடங்கமாட்டோம் என்றாள். தொடங்கவில்லைத்தானே. வக்கீல் மாதிரிச் சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவளை இப்படி ஏய்க்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? அவள் திருப்பி எடுத்தபோது நான் தூக்கவில்லை. பூசைக்கும் போகவில்லை. சாம்பிராணிப் புகை மட்டும் மேலே வந்தது, பல்கனிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

குருவி போகவில்லை. போக அதற்கு இன்னும் காலம் வரவில்லை. எங்கள் பிளாட்டின் கார் நிறுத்துகிற இடத்தில், சீமெந்துத் தரையில், டயர்களுக்கு நடுவே தத்தித் தத்தித் திரிந்தது. கிளற இலையில்லாமல் இனிப்புச் சுற்றின ஒரு ரொபிப் பேப்பரைப் புரட்டிப் பார்த்தது. காகங்கள் கண்டுவிட்டன. நான் தடியை எடுத்துக்கொண்டு காகம் கலைத்தேன். என்னைப் பார்த்து ஒழுங்கைச் சனம் என்ன நினைத்ததோ, எனக்குக் கவலையில்லை. ஆனால் நாள் முழுக்க ஒரு மனுஷி தடியோடு நிற்க முடியுமா? கல் வைத்து இரண்டொரு நாளில் எங்கள் பிளாட்டுச் செக்கியூரிட்டி ஐயா மேலே வந்து பெல் அடித்தார். "மிஸ், அவிச்சியா," என்றார். சிங்களத்தில் ஆறுமணிக்குருவிக்கு அதுதான் பெயர். காகம் துரத்த, வாசல் கண்ணாடிக் கதவில் மோதி விழுந்துவிட்டதாம். ஒரு பழைய துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இன்னும் சூடு ஆறவில்லை. கையில் பாரமே தெரியவில்லை. இருந்து அழுதேன்.

அன்று பின்னேரம் அக்கா வீடியோவில் வந்தாள். இந்த முறை தூக்கினேன். கல் வைத்த படங்கள் நன்றாக வந்திருக்கிறதாம், தங்கச்சி ஏன் பூசையில் நிற்கவில்லை என்று சனம் கேட்டதாம். நான் கமராவைத் திருப்பி மேசையில் கிடந்ததைக் காட்டினேன். அவளைக் குத்த வேண்டும் என்றுதான் காட்டினேன்.

"ஐயோ, என்னடி இது? என்ன வடிவு. கிளியே?"

"ஆறுமணிக்குருவி."

"எங்கையிருந்தது?"

"உங்கட வளவிலதான், அக்கா. வருஷா வருஷம்."

"எங்கட வளவிலயோ?" போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். "பாவம். நீ ஒருக்கா எனக்குச் சொல்லியிருக்கலாமே. ஒரு மாதம் பிந்திக் கல் வைச்சிருப்பமே."

அவள் நடிக்கவில்லை. அக்காவுக்கு நடிக்க வராது. தையில் நான் கேட்டது அவள் காதில் விழவேயில்லை. அவள் ஐயர் சொன்னதைச் சொன்னாள், நான் அதை எனக்குச் சொன்ன பதில் என்று எடுத்துக்கொண்டேன். ஏய்த்திருந்தால்கூட ஆறியிருப்பேன். ஏய்க்கிறவளுக்காவது நான் கேட்டது என்னவென்று தெரிந்திருக்கும்.

"பிறகு எடுக்கிறன், அக்கா," என்று வைத்துவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை.