அங்கப்பனின் விலாசச் சீட்டுகள்

தூக்குப்போசி மூடியிலிருந்து நாலு சோற்றுப் பருக்கைகளை எடுத்து, கவர் மேல் வைத்துக் கட்டைவிரலால் நசுக்குகிறார் அங்கப்பன். எங்கள் தபாலாபீஸ் டப்பாவில் பசை இருந்தது எந்தக் காலமோ, அதனால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் என் கவுன்ட்டரில் வந்துதான் நசுக்குவார். வரிசையில் நிற்கிறவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

மில்லில் நைட் ஷிப்ட் முடித்து நேரே இங்கே வருவார். புருவத்தில் பஞ்சு, கண்ணெல்லாம் சிவப்பு. மகள் கிருபா சோவியத் நாட்டில், கார்கோவ் என்ற ஊரில் டாக்டருக்குப் படிக்கிறாள். கட்சி மூலமாகக் கிடைத்த இலவச இடம். "எங்க வளவுல பத்தாவது தாண்டுன மொதப் புள்ளைங்க அவ" என்று மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

எண்பத்தெட்டில் அங்கே போய்ச் சேர்ந்ததும் கிருபா செய்த முதல் வேலை, தன் விலாசத்தை ரஷ்ய எழுத்தில் எழுபத்திரண்டு சீட்டுகளில் எழுதி அனுப்பியது. ஆறு வருடப் படிப்பு, மாதம் ஒரு கடிதம். அப்பா ஒட்டினால் போதும். அந்த ஊரில் விலாசமே தலைகீழ். நாடு மேலே, அப்புறம் ஊர், தெரு, கடைசியில்தான் ஆளின் பேர்.

"பேரு கடைசியிலயா?" என்று சிரித்தேன்.

"நாடு இருந்தாத்தானுங்க அம்மணி ஆளு" என்றார். அத்தனை பெருமை முகத்தில்.

தொண்ணூற்றிரண்டு ஜனவரியில் நான் சொன்னேன்: "அங்கப்பண்ணா, அந்த நாடு பதினஞ்சாப் பிரிஞ்சு போச்சு. கார்கோவ் இப்ப உக்ரைன். பேரை மாத்துங்க."

"பேப்பர்க்காரன் என்னத்தையாச்சும் எழுதிப்போடுவானுங்க. எம்புள்ளைக்குச் சோறு போட்டுப் படிக்க வெக்கற நாடு அது. மண்சட்டியாட்ட ஒடைஞ்சு போயிருமாக்கும்?" என்று சீட்டை அழுத்தி ஒட்டினார். பிப்ரவரியிலும் அதே, மார்ச்சிலும் அதே. பிடிவாதக்காரரிடம் எவ்வளவுதான் பேசுவது? முத்திரை குத்திப் போட்டேன்.

ஏப்ரலில் மூன்று கவர்களும் ஒன்றாகத் திரும்பி வந்தன. அதே வாரம் கிருபாவின் கடிதமும் வந்தது.

"நீங்களே படிங்க அம்மணி. எழுத்து ஆடுது."

படித்தேன். "மூன்று மாதமாக வீட்டிலிருந்து கடிதமே இல்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இங்கே எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். அடுத்த மாதமும் வராவிட்டால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவேன்."

இன்னும் இரண்டு வருடம்தான் பாக்கி. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "எத்தனை தடவை தலைதலையா அடிச்சுக்கிட்டேன்!" என்று கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"என்ற தப்புத்தானுங்க" என்றார். திரும்பி வந்த மூன்று கவர்களையும் எடுத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து வந்து கத்தரிக்கோல் கேட்டார்.

"ஊரும் புள்ள பேரும் அப்படியே இருக்கட்டுங்க. மேல இருக்கற நாட்டை மட்டும் எடுத்துப்போடறேன். புதுப் பேரை நீங்க எழுதித் தாரீங்களா?"

கவரின் மேலே உக்ரைன் என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். அவர் உள்ளே இரண்டே வரிதான் எழுதினார்: "அம்மா நல்லா இருக்கறா. படிப்ப முடிச்சுப்போட்டு வா கண்ணு."

மீதமிருந்த முப்பத்தொரு சீட்டுகளிலும் மேல் வரியை ஒவ்வொன்றாக நறுக்கினார். அவசரமே படவில்லை. ஒன்றை ஒட்டி, கவரை என்னிடம் நீட்டினார்.

குப்பைக்கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளினேன். பார்த்தார். நறுக்கிய துண்டுகளை ஒன்றுவிடாமல் உள்ளங்கையில் கூட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையின் பொத்தானை மாட்டினார்.