யாரும் கை தூக்காத சண்டை

1988 சித்திரை. அரியலூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி இன்னும் வரவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கும் கல்லங்குறிச்சி விவசாயி, நான் பேப்பர் படிப்பதைப் பார்த்து ஒரு மனுவை நீட்டுகிறார். அந்த வண்டியில் வந்து இறங்கும் எம்.பி.யிடம் கொடுக்க வேண்டுமாம்.

"பிழை இருந்தா சொல்லுங்க சார்."

பட்டாளத்தில் இருக்கும் அவர் மகன் இந்தியா அனுப்பிய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய், அங்கே போராளிகளை எதிர்த்துச் சண்டையில் இருக்கிறான். 'அவனை அனுப்பத் தாங்கள் கை தூக்கியது ஏன்?' என்று மனு கேட்கிறது.

"எம்.பி. யாரும் கை தூக்கலைங்க," சட்டம் தெரிந்தவன் தோரணையில் சொல்கிறேன். "பார்லிமென்டுல ஓட்டெடுப்பே நடக்கல. குடியரசுத் தலைவர் பேருல அரசாங்கமே படைய அனுப்பலாம்."

அவர் நம்பவில்லை. "எங்க ஏரி மதகத் தொறக்கவே ஊரக் கூட்டிக் கேக்குறோம் சார். ஒருத்தன் வேணாம்னாலும் மதகுல கை வைக்க மாட்டோம்."

சிக்னல் விழுகிறது. அவர் மனுவில் அந்தக் கேள்வி வரியை அடித்துவிட்டு, மனுவையும் பேனாவையும் என் மடியில் வைக்கிறார்.

"அப்ப, அவனத் திரும்பக் கூட்டியாரதுக்காவது கையத் தூக்கச் சொல்லி எழுதுங்க. சீக்கிரம் சார், வண்டி வந்துருச்சு."