டொக்டரின் குளத்துப் பெரிய பாஸ்

1. முதல் டெலிவரி

1991, ஆனி மாதம். மீன்குஞ்சுப் பண்ணையில் சேர்ந்த பிறகு நான் தனியாக வான் ஓட்டிப்போன முதல் டெலிவரி. மொன்ட்ரியாலுக்கு வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். சென்னைக்காரரான ஒரு டொக்டரின் சொந்தக் குளம். இரைமீன்களை முந்தின வருடமே விட்டாயிற்று. இப்போது அவற்றைத் தின்று வளரும் பாஸ் மீனின் குஞ்சுகள் இருநூறு. ஒக்சிஜன் அடைத்த பைகளை அவிழ்க்காமல் தண்ணீரில் மிதக்கவிட்டேன்.

“கொட்டிட வேண்டியதுதானேம்மா?” என்றார் டொக்டர்.

“பொறுங்கோ டொக்டர். பைத்தண்ணியும் குளத்துத்தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரோணும். இல்லாட்டிக் குஞ்சுகள் செத்துப்போம்.”

காத்திருந்த நேரத்தில் சொன்னார். மருத்துவம் படிக்கச் சொல்லித் தான் வற்புறுத்தியதில் ஒரே மகன் அருண் கோபித்துக்கொண்டு வன்கூவர் போய்விட்டான். சிறுவயதில் தூண்டிலை எடுத்தால் அவனுக்குச் சாப்பாடு மறந்துவிடும்.

“பெரிய பாஸ் இருக்குன்னா வருவான்மா.”

2. எடுத்தால்தான் வளரும்

நாலாவது கோடையில் வலைபோட்டு அளந்தோம். எல்லாம் ஒரு சாணிலேயே நின்றிருந்தன. தலை பெரிது, உடம்பு மெலிவு. குஞ்சு பொரித்துப் பெருகியதில் இரை போதவில்லை.

“பாதியைப் பிடிச்சு எடுக்கோணும், டொக்டர்.”

“அவனுக்குன்னு வளர்த்ததும்மா.”

“எல்லாத்தையும் வைச்சிருந்தா ஒண்டும் பெரிசா வராது.”

டொக்டர் வீட்டுக்குள் போனார். பிறகு தானே வாளியைக் கொண்டுவந்தார். எடுத்த மீனை மொன்ட்ரியாலின் வில்லரேப் பகுதியில் நான் இருந்த கட்டடம் முழுக்கப் பகிர்ந்து கொடுத்தேன்.

அதன்பின் ஒவ்வொரு கோடையும் அப்படித்தான். அளந்த நீளத்தை டொக்டர் மகனுக்கு எழுதுவார். பதில் வராது. அடுத்த முறை நான் போனதும் “இன்னும் பெரிசாகுமாம்மா?” என்பார்.

3. அருண் வந்த நாள்

எட்டாவது கோடையில் ஒரு மீன் ஐம்பது சென்ரிமீற்றரைத் தாண்டியது. அதன் படம் போய்ச் சேர்ந்ததும் அருணிடமிருந்து போன் வந்தது. ஒரு நாள் மட்டும் வருகிறானாம்.

அன்று நான் குளத்துக்குக் காற்று ஊட்டும் பம்பைப் பார்க்கப் போனபோது, காலையிலிருந்து தூண்டில் வீசியும் அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அருகில் கதிரை போட்டு டொக்டர் உட்கார்ந்திருந்தார்.

“ஆன்ட்டி, பெரிசு எங்க இருக்கும்?” என்று அருண் கேட்டான்.

வெயில் நேரத்தில் அது வடகரையில் அமிழ்ந்து கிடந்த மரத்தின் அடியில் நிற்கும். சொல்ல வாய் திறந்தேன். அவனுக்குப் பின்னால் டொக்டர் மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

“தெரியேல்லைத் தம்பி,” என்றேன்.

வாடிக்கையாளரின் விருந்தாளி கேட்டால் மீன் நிற்கும் இடத்தைக் காட்டுவதும் எங்கள் வேலைதான். அன்று மட்டும் நான் அதைச் செய்யவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் குளத்தின் ஆழத்தைக் கேட்பதோடு நிற்க வேண்டாம். யாருக்காக மீன் வளர்க்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஒரு நாளைக்கென்று வந்த அருண், பெரிசைத் தேடி மூன்று நாள் நின்றான்.