மெர்சி கழித்த வெண்டைக்காய்

மெர்சிக்குக் கண் கூர்மை. போன் கம்பெனியில் வருஷக்கணக்காகக் கேமரா கண்ணாடியில் கீறல் பார்த்துப் பார்த்து வந்த கூர்மை. திடீரென்று ஒருநாள் லைனை மூடிக் காண்ட்ராக்ட் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, அவளோடு வந்தது அது ஒன்றுதான். மழைக்காலம் முழுக்க வேலை இல்லை. புருஷன் அன்பு ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டிக் கொண்டுவந்த சம்பளம் வாடகைக்கும் பிள்ளையின் ஸ்கூலுக்குமே சரியாகப் போயிற்று. அந்த மாதங்களில் அவள் வீட்டு அடுப்பில் வெந்ததெல்லாம் சித்தப்பா யாக்கோபு கொண்டுவந்து போட்ட காய்தான்.

யாக்கோபு அவளுடைய அப்பாவின் தம்பி. வல்லம் வடகாலைச் சுற்றி நிலமெல்லாம் கம்பெனிக்கும் மனைக்கும் போன பிறகும் பயிர் வைப்பதை விடாத நாலைந்து பேரில் ஒருவர். சென்னைக்காரர் ஒருவர் விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டிருந்த மனைகளை அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். எல்லைக் கற்களுக்கு நடுவே கத்திரியும் வெண்டையும் காய்த்தன. காயைப் படப்பை மண்டியில் போடுவார்.

நகரத்துக் கடைகளுக்குக் காய்கறி அனுப்பும் ஒரு கம்பெனி ஊருக்குப் பக்கத்திலேயே கொள்முதல் கூடம் திறந்தது. தரம் பார்க்க ஆள் தேவை என்றார்கள். மெர்சி கண்ணின் கூர்மையைக் காட்டி வேலையை வாங்கிவிட்டாள். மேனேஜர் நம்பிராஜன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். சேர்ந்த முதல் வாரமே, "உங்க ஊர்ல வெவசாயம் பாக்கிற ஆள்களைக் கூட்டிட்டு வாம்மா. ஆனா சொந்தக்காரங்க மட்டும் வேண்டாம், கம்பெனி ரூல். தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும், பாத்துக்கோ" என்றார்.

மெர்சி முதலில் போய் நின்றது சித்தப்பாவிடம்தான்.

"மண்டியில தரகு புடிக்கிறான், எடையில கழிக்கிறான். இங்க ரெண்டும் கெடையாது சித்தப்பா. சந்தை வெலைக்கு மேல கிலோவுக்கு ரெண்டு ரூபா."

யாக்கோபு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "மண்டிக்காரன் திருடறான்னு எனக்குத் தெரியும். எவ்ளோ திருடறான்னும் தெரியும். இவன் இன்னா பண்ணுவான்னே தெரியலியே மெர்சி."

"நான் கீறேன்ல?"

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வந்தார். உறவைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அவள் சொன்னபோது, "நல்ல கம்பெனிதான் போ" என்று சிரித்தார்.

இரண்டு பறிப்புக் காலம் நன்றாகவே போயிற்று. பணம் நேராக பேங்க்குக்கு வந்தது. கம்பெனி சொன்ன நீள ரக வெண்டையை மனை முழுக்கப் போடச் சொன்னாள் மெர்சி. அவர் காய்த்துக்கொண்டிருந்த கத்திரியைப் பிடுங்கிவிட்டு வெண்டை போட்டார். மண்டிக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டபோது, இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் மட்டுமா போட்டார்? மணிமங்கலம் வரை எல்லாரும் அதையேதான் போட்டார்கள். சித்திரையில் வெண்டை வந்து குவிந்தது. விலை விழுந்தது. கடைகளில் காய் தேங்கிற்று.

ஒரு காலையில் நம்பிராஜன் மெர்சியைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னைக்குப் பாதிக்கு மேல கழிச்சிரு."

"காய் நல்லாதானே சார் வருது?"

"நல்லா இல்லன்னு யாரு சொன்னா? எடுத்துக்கிடுதோம்னு எழுதிக் கொடுத்திருக்கு. வெலையைக் கொறைச்சா சண்டைக்கு வருவாவ. தரம் இல்லன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. தரம்ங்கிறது காய்ல இல்ல மெர்சி, போன்ல இருக்கு. சரக்கு வேணும்னு போன் வந்தா எல்லாமே பிஞ்சு. வேண்டாம்னு வந்தா எல்லாமே முத்தல்."

அவள் கழித்தாள். குறை தேடுவது அவளுக்குப் புதிதில்லை. ஒரு காய் வளைந்திருந்தது, ஒன்றில் காம்பு கருத்திருந்தது, ஒன்று விரலைவிடத் தடித்திருந்தது. வைத்துக்கொள்ள வேண்டும் என்றால்தான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கழிப்பதற்குத் திறந்திருந்தாலே போதும்.

கழித்த காயை விவசாயி திரும்ப எடுத்துப்போய் என்ன செய்வான்? அந்நேரத்துக்கு மண்டி முடிந்திருக்கும். வெண்டை மறுநாள் நாராகிவிடும். அதனால்தான் கேட்டுக்கு வெளியே நரசிம்மன் தன் குட்டியானை லோடு வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். கூடத்தில் சரக்கை ஏற்றி இறக்கும் காண்ட்ராக்டும் அவருடையதுதான். "கொட்டிட்டுப் போறதுக்கு எனக்குக் குடு" என்று விலையில் கால்வாசிக்கும் கீழே வாங்கிக்கொள்வார்.

சித்தப்பாவின் சரக்கை இரண்டு வாரம் மெர்சி மெல்லக் கழித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாக. பிறகு நம்பிராஜன் பக்கத்தில் வந்து நின்று பார்க்கத் தொடங்கினார். அன்றைக்கு அவள் யாக்கோபின் சரக்கை மொத்தமாகத் தள்ளினாள்.

"முத்தல்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

யாக்கோபு ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது. ஒடிந்த துண்டை அவள் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நரசிம்மனுக்குக் கொடுத்தார். எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

வெயில் ஏறும் முன்பே போன் வந்தது. வேறு ஊரிலிருந்து வரவேண்டிய லாரி வழியில் நின்றுவிட்டது, கடைகளுக்குச் சரக்கு போதாது. நம்பிராஜன் நரசிம்மனுக்குச் சொல்லி அனுப்பினார். குட்டியானை பின்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தது. இறங்கியது காலையில் அவள் தள்ளிய காய். மெர்சி சரிபார்த்து முதல் தரம் என்று பதிந்தாள். நரசிம்மனுக்கு முழு விலை.

யாக்கோபு டீக்கடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நேராக உள்ளே வந்தார். காவல்காரன் தடுத்ததைப் பொருட்படுத்தவில்லை.

"காலையில முத்தல்னு சொன்ன. இப்ப பிஞ்சாய்டுச்சா?"

கூடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். மெர்சி மேஜைமேல் கிடந்த காய்களை ஒழுங்குபடுத்தினாள்.

"சொல்லு மெர்சி. நரசிம்மன் வண்டியில ஏறுனா காய்க்கு வயசு கொறையுதா?"

பேர் சொல்லிக் கூப்பிட்டதை நம்பிராஜன் கவனித்துவிட்டார். "உனக்கு வேண்டியவரா மெர்சி?" என்றார், எப்போதும் போலத் தாழ்ந்த குரலில்.

யாக்கோபு பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"எங்க ஊரு ஆளு சார். அவ்ளோதான்" என்றாள் மெர்சி. அதோடு நிறுத்தியிருக்கலாம். பயம் அவளை இன்னும் ஒரு படி தள்ளிவிட்டது. "குடிச்சிருப்பாரு போல. வெளிய கூட்டினு போங்க."

யாக்கோபு குடிக்கிறவர் இல்லை. காவல்காரன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளியபோது அவர் கையைக்கூட உதறவில்லை. தகராறு செய்ததாக அவர் பதிவை அன்றைக்கே நீக்கினார்கள்.

படப்பை மண்டிக்காரர், "கம்பெனிக்கே போ" என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டிய காய் செடியிலேயே முற்றி வெடித்தது. யாக்கோபு ஆடு மேய்க்கிறவர்களைக் கூப்பிட்டுச் செடிகளை மேய விட்டுவிட்டார். குத்தகைப் பணம் வராததால் சென்னைக்காரர் மனையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்.

மெர்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனாள். சித்தி தாயாரம்மாள் வாசலிலேயே பையை வாங்கினாள். ஒவ்வொரு பழமாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது நசுங்கி கீது. இதுல புள்ளி. இது சைஸ் பத்தாது." எல்லாவற்றையும் மறுபடி பைக்குள் போட்டு அவள் கையில் திணித்தாள். "எதுவும் தேறலமா. வெளிய யாராச்சும் நின்னா கம்மியா குடுத்துட்டுப் போ."

உள்ளே யாக்கோபு இருமுகிற சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை.

ஆனி மாதம் கூடத்துக்கு வந்த புது லோடுமேன்களில் யாக்கோபும் இருந்தார். நரசிம்மன்தான் கூட்டி வந்திருந்தார். மெர்சி நம்பிராஜனைப் பார்த்தாள். அவர், "கூலிக்கு வாரவனுக்கு ரூல் கெடையாது" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை.

ஆள் இல்லாத சமயம் பார்த்து, "சித்தப்பா" என்று அருகில் போனாள்.

"கிரேட்ட எங்க வெக்கணும் மேடம்?" என்றார் யாக்கோபு, தோளில் பிளாஸ்டிக் காய்ப்பெட்டியோடு. குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் அவள் அழுதாவது இருப்பாள்.

அவர் நன்றாக வேலை செய்தார். லோடுமேனுக்கு எண்ணிக் கூலி. கிரேட்டை உள்ளே இறக்கினால் ஒரு கூலி, கழித்ததை வெளியே கொண்டுபோய் நரசிம்மன் வண்டியில் ஏற்றினால் இன்னொரு கூலி. அவள் அதிகம் கழிக்கும் நாளில் அவருக்கு இரட்டிப்பாகக் கிடைத்தது. ஆடி முடிவதற்குள் அவர் அவளுடைய மேஜைப் பக்கமே நிற்கப் பழகிவிட்டார். அவள் 'முத்தல்' என்று சொல்லி முடிப்பதற்குள் கிரேட்டைத் தூக்கிவிடுவார். யாராவது விவசாயி கெஞ்சிக்கொண்டு நின்றால், "நகரு, நகரு, அடுத்த வண்டி நிக்குது" என்பார்.

ஒருநாள் தண்டலத்துப் பக்கத்திலிருந்து சரோஜா என்ற பெண் விசாரிக்க வந்தாள். புருஷன் இறந்த பிறகு கொஞ்சம் நிலத்தைத் தானே பார்க்கிறவள். கத்திரி போட்டிருந்தாள், மண்டியில் ஏமாற்றுகிறார்கள் என்றாள். மெர்சி கம்பெனி விவரங்களைச் சொல்லத் தொடங்கினாள். சரோஜா பாதி கேட்டுக்கொண்டே, அந்தப் பக்கம் கிரேட்டோடு போன யாக்கோபைப் பார்த்துவிட்டாள். ஊர்க்காரர் முகம், வயசானவர், பொய் சொல்லமாட்டார் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. இங்க ஒழுங்கா எடுத்துக்குவாங்களா?"

யாக்கோபு தோளில் கிரேட்டோடு நின்றார். சரோஜாவைப் பார்த்தார். மெர்சியைப் பார்த்தார். இப்போதாவது அவர் வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிட மாட்டாரா என்று மெர்சியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லிவிடக் கூடாதே என்றும் அதே நெஞ்சுதான் அடித்துக்கொண்டது.

"நல்லா எடுப்பாங்கமா" என்றார் யாக்கோபு. "கத்திரிய வுட்டுட்டு வெண்டை போடு. நெறைய போடு."

அவர் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு நரசிம்மன் வண்டியை நோக்கி நடந்தார். சரோஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மெர்சி அவளை உட்காரச் சொல்லி, பேரையும் ஊரையும் கேட்டாள்.