ரேசர்பேக் இறக்கத்தில் எரிந்த சிவப்பு விளக்கு

1978 ஜனவரி 14, சனிக்கிழமை, தைப்பொங்கல். வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து தேநீர் குடித்தேன். நாட்குறிப்பில் வெயில் என்று எழுதினேன். காருக்கும் கேரவனுக்கும் சக்கரக் காற்றை அளந்தேன்.

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் அந்தக் கேரவன்தான் எங்கள் வீடு. சிட்னியில் வேலை போனது. பின்னாலேயே வாடகை வீடும் போனது. மெல்பேர்னில், மல்கிரேவில், திங்கட்கிழமை புது வேலை. நடுவில் தங்க ஓர் அறை கேட்டோம். வெள்ளிதோறும் பஜனை நடத்தும் ரத்தினம் அண்ணை, தன் வீட்டு வாசலில் கேரவனை நிறுத்த மட்டும் விட்டார்.

“எங்களுக்கே இடம் காணாது தம்பி. கந்தன் கைவிடமாட்டான்,” என்றார்.

“நாலு அறை இவருக்கு. எங்களைப் பாக்கிற வேலை கந்தனுக்கு,” என்றாள் என் மனைவி பரமேசு, காரில் ஏறிய பிறகு.

புறப்படுமுன் அவள் வண்டிகளுக்குச் சந்தனம் பூசியிருந்தாள். காரையும் கேரவனையும் இணைக்கும் மின்செருகியின் வாயிலும் பூசி, அவளே செருகிவிட்டாள். இரண்டு பொருள் சேருமிடத்துக்குத்தான் கண்ணூறு வரும் என்பது அவள் நம்பிக்கை. பின்விளக்குகளைப் பார்த்தேன். எரிந்தன.

ஸ்டீயரிங்குக்குக் கீழே பிரேக் கண்ட்ரோலர் என்ற சிறு பெட்டி உண்டு. காரின் பிரேக்கை மிதித்தால் அது கேரவனின் பிரேக்குக்கும் மின்சாரம் அனுப்பும். அனுப்பும்போது அதில் சிவப்பு விளக்கு எரியும். காம்டன் என்ற ஊர் வரை எரிந்தது.

ரேசர்பேக் மலையின் இறக்கத்தில் எரியவில்லை. கேரவன் எங்களைப் பின்னாலிருந்து தள்ளியது. கேரவனின் பிரேக்கை மட்டும் பிடிக்க அந்தப் பெட்டியிலிருந்த கைப்பிடியை இழுத்தேன். ஒன்றுமில்லை. காரின் பிரேக் கருகும் வாடை வந்தது.

“என்னப்பா, வேகம் கூடுது.”

“பிடிக்குதில்லை.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அந்த வசதி இல்லை. வேலை போனபோதும் வீடு போனபோதும் நான் கந்தனிடம் கேட்டேன். பதில் வரவில்லை. அன்று கோபத்தோடுதான் கேட்டேன்: “முருகா, இதையாவது நிறுத்து.”

வளைவில் இடது சக்கரங்கள் தார் விளிம்பைவிட்டு இறங்கின. கேரவன் ஒருமுறை தூக்கிப்போட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. கேரவனின் சக்கரங்கள் கிரீச்சிட்டுப் பிடித்தன. பள்ளத்துக்கு முன்னிருந்த வெள்ளைக் கட்டையைக் காரின் மூக்கு தொட்டு நின்றது.

இறங்கி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. சோதனை விளக்கைப் பிடித்தேன். காரின் பக்கம் மின்சாரம் வந்தது. செருகியைப் பிடுங்கினேன். பிரேக்குக்கான பித்தளை முனையில் சந்தனம் காய்ந்து ஓடாக இருந்தது. ஈரமாக இருந்தவரை மின்சாரத்தை விட்டிருக்கிறது. வெயிலில் காய்ந்ததும் மறித்துவிட்டது.

பரமேசு அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

“காப்பாத்தச் சொல்லிப் பூசினது,” என்றாள். “இனி நான் ஒண்டுக்கும் பூசமாட்டன்.”

சந்தனக் கிண்ணத்தைத் துணியில் சுற்றி உடுப்புப் பெட்டியின் அடியில் வைத்தாள். அன்றிரவு அங்கேயே, தெரு ஓரத்தில் தங்கினோம்.

குலுக்கலில் செருகி அசைந்து முனைகள் தொட்டன. இயந்திரம் தெரிந்த எவரும் அப்படித்தான் சொல்வார், நானும் சொல்வேன். ஆனால் அந்தக் கட்டைக்கு அப்பால் அல்ல, இப்பால் அது தொட்டது. அதை நான் கந்தன் என்கிறேன். அவன் அறை தரவில்லை, வேலையைக் காக்கவில்லை. கேட்டதில் ஒன்றைக் கொடுத்தான். அது அவள் உயிர். அன்பர்களே, கசப்போடு கேட்டாலும் கேளுங்கள். இனிமையாகக் கேட்பவர்களுக்கு மட்டும் அவன் காது கொடுப்பதில்லை. அவன் பெயரைச் சொல்லி வாசலோடு ஒருவரை அனுப்பிவிடாதீர்கள்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகச் செருகியை ஸ்பிரிட்டால் துடைத்துப் பொருத்தினேன். கைப்பிடியை இழுத்தேன்; விளக்கு எரிந்தது. பிறகு உடுப்புப் பெட்டியின் அடியிலிருந்து கிண்ணத்தை எடுத்து, சந்தனத்தைக் குழைத்து அவளிடம் நீட்டினேன். அவள் வெகுநேரம் வாங்கவில்லை. பிறகு விரலில் தொட்டு, செருகிக்கு ஒரு சாண் தள்ளி, இழுவைக் கம்பியில் ஒரு பொட்டு வைத்தாள்.