லத்திக் குவியலில் ஒரு தலை

குதிரைப் பந்தய ஊரான லெக்சிங்டனில் லாயத்துக்குப் பின்னால் குதிரை லத்திக் குவியலில் ஒரு மனிதத் தலை மட்டும் தெரிந்தால் யாரும் பதறமாட்டார்கள். பந்தயக் குதிரை ஏறும் ஜாக்கி எடை குறைக்கிறான் என்று தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சாணிச் சூட்டில் கழுத்துவரை புதைந்து கிடந்தால் வியர்வை ஆறாக ஓடும். 1908 வசந்தத்தில் அங்கே முளைத்திருந்த தலை ஆன்செல் டாண்டியுடையது.

ஒரு காலத்தில் அவன் ஏறினால் பந்தயம் முடிந்த மாதிரிதான். எங்கள் கறுப்பர் தேவாலயத்துப் பாதிரியாரே அவன் குதிரைமேல் ரகசியமாகப் பணம் கட்டுவார் என்று பேச்சு. பிறகு வெள்ளைக்கார ஜாக்கிகள் கூட்டுச் சேர்ந்து, கறுப்பன் ஏறிய குதிரையை வேலியோடு வைத்து நெருக்க ஆரம்பித்தார்கள். குதிரை முதலாளிகள் மெல்ல நழுவினார்கள். ஆன்செலுக்குச் சவாரி நின்று வெகுநாளாயிற்று. இப்போதுதான் கிராக்ஸ்டன் துரை, எடையைக் குறைத்தால் சனிக்கிழமை பிராம்பிள் என்ற பெண்குதிரை உனக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"என்ன டாண்டி, வேர் விட்டுட்டியா? தண்ணி ஊத்தட்டுமா?" என்றான் லாயக்காரன் ப்ரூயிட்.

"ஊத்துடா. சனிக்கிழமை காய்ச்சதும் உனக்கும் ரெண்டு பறிச்சுத் தர்றேன்."

வீட்டில் மனைவி லூடியின் புலம்பல் வேறு. "நாலு வாய் சாப்பிடுய்யா. உன்னைக் கட்டிப்பிடிச்சா விறகைக் கட்டிப்பிடிச்ச மாதிரி குத்துது."

"ஜெயிச்சிட்டு வந்து தின்னுறேன். கோழி பொரிச்சு வை."

சனிக்கிழமை மழை பெய்து ஓடுபாதை முழுக்கச் சேறு. ஆன்செல் தராசில் ஏறினான். எடை சரியாக இருந்தது. துரை தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே வந்தார்.

"ஆன்செல், நீ ஏறினா வேலியில வச்சு அடிச்சிடுவோம்னு மத்த ஜாக்கிப் பசங்க சொல்றானுங்க. கால் உடைஞ்சா என்னப்பா பண்றது?"

"யாரு கால் துரை?"

"குதிரை கால்தான்." துரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு உதவி பண்ணு. புது ஜாக்கியை அது ஏறவிட மாட்டேங்குது. நீ கொஞ்சம் புடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டான். பிராம்பிள் வழக்கம்போல அவன் கழுத்தில் மூக்கை வைத்து உரசிவிட்டு, பசுமாதிரி நின்றது. வெள்ளைக்காரன் ஏறிக்கொண்டான்.

பந்தயத்தை அவன் பார்க்கவில்லை. லாயத்துச் சுவரில் சாய்ந்து கூட்டத்தின் கூச்சலைக் கேட்டான். பிராம்பிள்தான் ஜெயித்தது.

சேதி அவனுக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. "ஜெயிச்சிடுச்சாமே! உட்காரு, உட்காரு" என்று லூடி பொரித்த கோழியும் சோள ரொட்டியும் அவரைக்காயும் கொண்டுவந்து குவித்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் தின்றான். தட்டு காலியானதும் இன்னொரு தடவை கேட்டான். அதுவும் காலியானது.

மூன்றாவது தடவை போட வந்தவள் நின்றுவிட்டாள். சேற்றில் பந்தயம் ஓடி வந்தால் அவன் மூஞ்சியில் கண் மட்டும்தான் வெளியே தெரியும். கழுவிவிடுவது அவள்தான்.

"என்னய்யா, மூஞ்சியில ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை?"

அவன் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வருஷக்கணக்காகச் சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சியவள் சட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "போதும்யா. எடை ஏறிடும்."

ஆன்செல் தட்டை நீட்டினான். "ஏறட்டும். போடு."